நீர் பார்த்து விதைப்பது: வேலைக்குப் போய்க்கொண்டே பல கலைகளை வைத்திருக்க ஒரு வழிகாட்டி

ஓலைப்பெட்டி இழைக்கத் தெரியும். படமும் கொஞ்சம் வரைவீர்கள். மிருதங்கம் மூன்று வருசம் படித்து இடையில் நின்றுபோயிற்று. கதையொன்று சீ.ஆர். கொப்பியில் பாதியில் கிடக்கிறது. இதற்கிடையில் காலை எட்டரைக்குக் கச்சேரியிலோ (மாவட்டச் செயலகம்) வங்கியிலோ கையெழுத்துப் போட்டாக வேண்டும். வன்னியில் இப்படியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். "ஒன்றைப் பிடி, மற்றதை விடு" என்றுதான் எல்லாரும் அவர்களுக்குச் சொல்வார்கள். அப்படி விட வேண்டியதில்லை. நாலைந்து கலைகளை ஒருவர் ஆயுள் முழுக்க வைத்திருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே போகத்தில், அதாவது ஒரே விதைப்புக் காலத்தில், விதைக்கத்தான் முடியாது.

மாரி முடிந்து குளத்து நீரை நம்பி விதைக்கும் சிறுபோகத்துக்கு முன், குளத்தின்கீழ் உள்ள கமக்காரர் கூட்டம் கூடுவார்கள். முதலில் பார்ப்பது குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதை. எத்தனை ஏக்கர் விதைப்பது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். 36 அடி கொள்ளும் இரணைமடுக் குளத்திலும் இதுதான் நடைமுறை. தண்ணீர் குறைந்த வருசம் காணி முழுவதையும் விதைக்க விடமாட்டார்கள், ஒரு பங்குக்குத்தான் அனுமதி. வேலைக்குப் போகிறவரின் நேரமும் சிறுபோகத் தண்ணீர்தான். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒழுங்கிலேயே போகிறது: அளப்பது, பங்கிடுவது, விதைப்பது, தரிசு விடுவது.

தண்ணீரை அளத்தல்

ஒரு வாரத்துக்கு எந்தக் கலையையும் தொடாதீர்கள், அளக்க மட்டும் செய்யுங்கள். கொப்பியில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, காலை ஐந்து மணி முதல் இரவு பத்தரை வரை கால் மணிக்கு ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் அந்தக் கால் மணி எதில் போனது என்று ஒரு சொல் எழுதினால் போதும்: சமையல், பஸ், பிள்ளையின் வீட்டுப்பாடம், போன், கோயில். இரவு படுக்கும்போது யோசித்து எழுதக்கூடாது. மறந்துபோன நேரமெல்லாம் அப்போது வேலை செய்த நேரமாகவே மாறிவிடும். மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை, இரவு ஒருமுறை எழுதுங்கள்.

வார முடிவில் உண்மையாகவே உங்கள் கையில் இருந்த நேரத்தைக் கூட்டுங்கள். எட்டு மணி நேரம் வந்தால் திட்டத்துக்கு ஐந்தரை மணியை மட்டும் எடுங்கள். குளத்து நீர் முழுவதும் வயலுக்கு வருவதில்லை. ஒரு பகுதி வெயிலில் ஆவியாகும், ஒரு பகுதி வாய்க்காலில் கசியும். செத்தவீடு வரும், மின்சாரம் போகும், விருந்தினர் வருவார்கள். மூன்றில் ஒரு பங்கைக் கழிக்காமல் போட்ட திட்டங்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலேயே விழுந்துவிடுகின்றன. விழுந்ததும் "எனக்குச் சோம்பல்" என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வார்கள். பிழை கணக்கில்தான் இருக்கிறது.

வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கு இந்த அளவில் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. அங்கே கலையைத் திட்டமிடுவதற்கு முன் வீட்டு வேலையைப் பங்கிட வேண்டும். அந்த ஏழு பக்கத்தையும் வீட்டாருக்கு முன் வைத்துப் பேசுங்கள். வாரத்தில் இரண்டு இரவுச் சமையலையும் ஒரு உடுப்புத் தோய்ப்பையும் மற்றவர் எடுத்துக்கொண்டாலே நாலைந்து மணி நேரம் கிடைக்கும். வாயால் கேட்பதைவிட எழுதிய பக்கத்துக்கு வலு கூட.

கலைகளைப் பிரித்தல்

உங்களுக்கு இருக்கும் எல்லாக் கலைகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் பற்றி மூன்று கேள்வி கேளுங்கள்.

இது காத்திருக்குமா? பாதி இழைத்த பெட்டியும் பாதி எழுதிய கதையும் ஒரு மாதம் காத்திருக்கும். கூத்துப் பழக்கம் காத்திருக்காது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொன்ன இரவுக்கு நீங்கள் களரியில் நிற்க வேண்டும், ஒருவர் வராவிட்டால் மற்றப் பத்துப் பேரின் இரவும் வீண். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துக்கோ வேறெங்கும் காத்தவராயன் கூத்துக்கோ பெயர் கொடுத்தால், மேடையேறும்வரை அதுதான் உங்கள் ஒரே பயிர். வேறொன்றையும் விதைக்காதீர்கள்.

இதற்குப் பகல் வெளிச்சம் வேண்டுமா? நிறம் தீட்டுவதற்கும் படம் எடுப்பதற்கும் வேண்டும். எழுத்து, இழைப்பு, தாளப் பயிற்சி எல்லாம் இரவிலும் நடக்கும்.

இது உங்கள் வேலையின் அதே உறுப்பைக் களைக்க வைக்கிறதா? நாள் முழுக்கக் கணினித் திரையைப் பார்க்கிறவர் இரவில் படத்தொகுப்புக்கு இருந்தால் கண் இரண்டு வாரத்தில் முறையிடும். ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் இருக்கிறவர் மாலையில் பூவேலை தைக்கத் தொடங்கினால் கழுத்தும் மணிக்கட்டும் தாங்காது. திரை வேலைக்காரருக்கு ஓலையும் மரமும் நல்லவை, தையல் வேலைக்காரருக்குப் பாட்டும் எழுத்தும் நல்லவை. ஆசிரியர்களுக்குத் தொண்டை களைத்திருக்கும், வாய்ப்பாட்டை வார இறுதிக்குத் தள்ளிவிட்டு மிருதங்கத்தை நாளாந்தம் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு பங்கீடு. ஐந்தரை மணியில் மூன்று மணி தலைப்பயிருக்கு (இந்தப் போகத்தில் முதன்மையாகச் செய்யும் கலை), ஒன்றரை மணி துணைப்பயிருக்கு (அதோடு வைத்திருக்கும் இரண்டாவது கலை), ஒரு மணி கருவிகளைத் துடைக்க, ஓலை காயவைக்க, படங்களைப் பிரதி எடுக்க. மற்றவை எல்லாம் தரிசு. மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஒன்றரை மணி. அந்த அளவில் கை பழகாது. போன வாரம் விட்ட இடத்தைப் பிடிப்பதிலேயே நேரம் முடிந்துவிடும்.

எந்தக் காலத்தில் எது

வன்னியின் மழையும் காற்றும் கலைகளுக்கும் நாள் குறிக்கின்றன. அதற்கு எதிராகப் போனால் பொருளும் கெடும், மனமும் சலிக்கும்.

ஒக்டோபர் முதல் ஜனவரிவரை மாரி மழை. வெளியே போக முடியாது, நிறம் காயாது, மிருதங்கத்தின் தோல் தளரும். ஆனால் காற்றில் ஈரம் இருப்பதால் ஓலை முறியாமல் மடியும். ஆகவே இது இழைப்புக்கும் எழுத்துக்கும் உரிய காலம். இழைக்கும் ஓலையை ஓகஸ்ட், செப்டெம்பர் வெயிலிலேயே காயவைத்துச் சுருட்டி வைத்திருக்க வேண்டும். மழைக்குள் ஓலை காயவைக்க நினைத்தால் பூஞ்சணம்தான் மிஞ்சும்.

ஜனவரி முடிவிலிருந்து மார்ச்வரை வானம் தெளிந்து, குளங்கள் நிறைந்து, வயல்கள் பொன்னிறமாகும். வலசை வந்த பறவைகள் சுண்டிக்குளத்திலும் மன்னார் வங்காலையிலும் கட்டுக்கரைக் குளத்திலும் இன்னும் நிற்கும். படம் எடுப்பதும் வெளியே இருந்து வரைவதும் இந்த மாதங்களுக்குரியவை. மே முதல் சோளகக் காற்று, தென்மேற்கிலிருந்து அடிப்பது. புழுதி பறக்கும், தாள் பறக்கும், கமராவுக்குள் மண் போகும். அந்த மாதங்களில் இசையையும் உள்ளே இருந்து செய்யும் மரவேலையையும் எடுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும். அதைச் சுற்றிய இரண்டு வாரமும் எந்தத் திட்டத்திலும் சேராது. வெற்றாக விட்டுவிடுங்கள்.

மாதா மாதம் பூரணைக்கு வரும் போயா விடுமுறையைக் கலண்டரில் இப்போதே வட்டமிடுங்கள். வருசத்தில் பன்னிரண்டு, சில வருசம் பதின்மூன்று நாள். கிழமை நாட்களில் அரை அரை மணியாகச் செய்ய முடியாதவற்றை, சாயம் காய்ச்சுவதையும் நீண்ட கதையைத் திருத்துவதையும் அந்த நாட்களுக்கு வையுங்கள்.

பெட்டியும் சீட்டும்

கிழமை நாளில் மாலை நேரம் அரை மணியாகத்தான் கிடைக்கும். அதில் பொருட்களைத் தேட பத்து நிமிடம், விட்ட இடம் நினைவுக்கு வர பத்து நிமிடம் போனால் மிஞ்சுவது பத்து நிமிடம். பல கலை வைத்திருப்பவர்களின் நேரத்தை மற்ற எதையும்விட அதிகமாகத் தின்பது இந்த இருபது நிமிடம்தான். அதை மீட்கும் வழி இது.

ஒவ்வொரு கலைக்கும் மூடி இறுகும் ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. கத்தரிக்கோல், அடிமட்டம், பென்சில் போன்ற பொதுப் பொருட்களையும் ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியாக வையுங்கள். இரண்டு கத்தரிக்கோல் வாங்குவது வீண்செலவாகத் தெரியலாம். ஆனால் ஒரு பெட்டியிலிருந்து மற்றதுக்குப் போன கத்தரிக்கோல் ஒருநாளும் திரும்பி வராது. பெட்டிக்கு வெளியே, கண்ணில் படும் பக்கம், ஒரு நிறுத்தற் சீட்டு ஒட்டுங்கள். வேலையை நிறுத்தும் ஒவ்வொரு முறையும், பொருட்களை உள்ளே வைக்க முன், அதில் மூன்று வரி எழுத வேண்டும்:

"அடி இழைத்து முடிந்தது. அடுத்தது நாலு பக்கமும் நிமிர்த்துவது. தொடங்க முன் வாரை ஈரத்துணியில் சுற்றி வை."

செய்தது, அடுத்துச் செய்வது, அதற்கு முன் ஆயத்தம். "பெட்டி வேலை தொடர வேண்டும்" என்று எழுதிய சீட்டு உதவாது. அடுத்த அசைவு எது என்று கைக்குத் தெரிய வேண்டும். எழுத்துக்கு இன்னொரு வழி உண்டு: வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துங்கள். அடுத்த நாள் அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் கதைக்குள் போய்விடுவீர்கள்.

வேலைகளைத் தலைவேலை, கைவேலை என்றும் பிரித்து வைத்தால் நல்லது. கதையின் முடிவைத் தீர்மானிப்பதும் படத்தின் அமைப்பை வகுப்பதும் தலைவேலை. அவற்றை விடியற்காலையில் அல்லது விடுமுறை நாளில் செய்யுங்கள். ஓலை வார்வதும் தாள் வெட்டுவதும் தூரிகை கழுவுவதும் எழுதியதைப் படியெடுப்பதும் கைவேலை. அலுவலகத்தால் வந்து களைத்துப்போன இரவுக்கு அவைதான் பொருந்தும். களைத்த நேரத்தில் எடுத்த தீர்மானத்தைப் பெரும்பாலும் மறுநாள் அழிக்க வேண்டி வரும்.

இரவு வேலைக்கு வெளிச்சம் முக்கியம். நிறம் தீட்ட மஞ்சள் மின்குமிழ் உதவாது. பகல் வெள்ளையில் 9 வாற் எல்.ஈ.டி. ஒன்றை, வலக்கைக்காரர் இடப்பக்கம், மேசையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வையுங்கள். முதல் மழைக்குப் பின் ஈசல் மொய்க்கும் இரவுகளில் ஈரமான நிறத்தைத் தொடாதீர்கள், தாள் முழுக்கச் செட்டை ஒட்டிக்கொள்ளும்.

ஐந்து மாலையில் ஓர் ஓலைப்பெட்டி

அரை மணித் துண்டுகளாக ஒரு வேலையை எப்படி வெட்டுவது என்பதை முழுமையாகப் பார்க்க, பத்துச் சென்ரிமீற்றர் அடியும் ஆறு சென்ரிமீற்றர் உயரமும் உள்ள சிறிய பெட்டி ஒன்றை எடுப்போம்.

பனையில், பாய்க்கும் கடகத்துக்கும் சார்வோலை (குருத்தைவிடச் சற்று முதிர்ந்த ஓலை), இப்படியான நுண்ணிய வேலைக்குக் குருத்தோலை. ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்காதீர்கள், மரம் தளர்ந்துவிடும். வெட்டிய குருத்தை விரித்து மூன்று நாள் வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, சுருட்டிக் கட்டி வையுங்கள். சாயம் வேண்டுமானால் போயா நாளில்: சாயத்தூளைக் கொதிநீரில் கரைத்து, ஓலை முழுவதும் அமிழும்படி அரை மணி நேரம் வைத்து, எடுத்து அலசி, நிழலில் காயவிடுங்கள். வெயிலில் காயவிட்டால் நிறம் திட்டுத் திட்டாக வெளிறும்.

முதல் மாலை வார்வது, அதாவது ஓலையை ஒடுங்கிய கீற்றுகளாகப் பிளப்பது. ஓலை வாரும் சிறு கத்தியான சத்தகம் கூராக இருக்க வேண்டும். 6 மில்லிமீற்றர் அகலத்தில், 35 சென்ரிமீற்றர் நீளத்தில் 32 வார். சுற்றுக்கு 46 சென்ரிமீற்றர் நீளத்தில் 10 வார். முறிவுக்கு ஐந்தாறு கூடுதலாக வார்ந்துகொள்ளுங்கள். ஓலை நுனியை நோக்கி ஒடுங்கும் என்பதால் நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். ஒரு வார் அரை மில்லிமீற்றர் கூடினாலும் பதினாறு வாரில் அது எட்டு மில்லிமீற்றராகும், அடி கோணலாகிவிடும்.

இரண்டாம் மாலை அடி. வாரில் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் அரை மணி நேரம் சுற்றி வையுங்கள். சாப்பிட முன் சுற்றி வைத்தால் சாப்பிட்டு முடியப் பதமாகியிருக்கும். பதம் பார்க்க ஒரு வாரை இறுக்கி மடியுங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் இன்னும் காய்ந்திருக்கிறது. விரலால் உருவும்போது நீர் கசிந்தால் ஈரம் அதிகம். அதிக ஈரத்தில் இழைத்த பெட்டி அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். காய்ந்ததும் ஒவ்வொரு வாரும் சுருங்கி, கண் கண்ணாக இடைவெளி தெரியும். புதிதாக இழைப்பவர்களின் பெட்டி தளர்வதற்கு முக்கிய காரணம் இதுதான். பதினாறு வாரை அடுக்கி, மற்றப் பதினாறை ஒன்றுக்கு மேல் ஒன்றுக்குக் கீழ் கோத்து இழையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து இரு பக்கமும் விரியுங்கள். முடிந்ததும் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள், இரண்டும் ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் வந்தால் சதுரம் சரி. நாலு மூலையிலும் உடுப்புக் கிளிப் குத்தி நிறுத்தலாம். இது பாதுகாப்பான தரிப்பிடம்.

மூன்றாம் மாலை நிமிர்த்துவதும் முதல் மூன்று சுற்றும். அடியின் ஓரத்தில் அடிமட்டத்தை வைத்து, வார்களை நகத்தால் அழுத்தி மேலே மடியுங்கள். இப்போது 64 நிமிர்வார் நிற்கும். இரட்டை எண் என்பதால் ஒரே வாரைத் தொடர்ந்து சுற்றிக்கொண்டு போனால் இரண்டாம் சுற்றும் முதலாம் சுற்றின் வழியிலேயே போய் இழைப்பு விழாது. ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் தனி வார். முனைகளை ஐந்து சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி நிமிர்வாருக்குப் பின் மறையுங்கள். அடுத்த சுற்றை வேறு பக்கத்தில் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஏற்றம் எல்லாம் ஒரே இடத்தில் திரண்டு அந்தப் பக்கம் தடிக்கும். சுற்றின் நடுவில் நிறுத்தாதீர்கள், விட்ட வார் காய்ந்து நழுவிவிடும்.

நாலாம் மாலை மிகுதி ஏழு சுற்று. முடித்ததும் விளிம்பைத் தொடாமல் ஓர் இரவு காயவிடுங்கள். ஐந்தாம் மாலை, காய்ந்து சுருங்கிய சுற்றுகளை விரல் நுனியால் கீழ்நோக்கி அடித்து இறுக்குங்கள். பிறகு கடைசிச் சுற்றுக்கு வெளியே நிற்கும் நிமிர்வார்களை மட்டும் ஈரப்படுத்தி, உட்பக்கம் மடித்து, மூன்று சுற்றுக்குக் கீழே செருகுங்கள். உள்ளே நிற்பவற்றை விளிம்போடு வெட்டிவிடலாம்.

எந்தக் கலையையும் தொடங்க முன் இப்படி அதன் தரிப்பிடங்களைத் தேடி எழுதுங்கள்: எங்கே நிறுத்தினால் கெடாது, எங்கே நிறுத்தினால் கெடும். நீர்வர்ணத்தில் ஒரு பூச்சு காய்ந்த பின் நிறுத்தலாம், பாதிப் பூச்சில் நிறுத்தினால் கறை விளிம்பு விழும். மரத்தில் பசை ஒட்டி இறுக்கிய பின் நிறுத்தலாம், பசை பூசியதும் நிறுத்த முடியாது.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக

வரைய A5 அளவில் 200 கிராம் தாள் போதும், நீர் நிறையப் பாவித்தால் 300 கிராம். பாடசாலை வரைதல் கொப்பித் தாள் நனைந்ததும் நெளியும். பன்னிரண்டு நிறப் பெட்டி தேவையில்லை. மஞ்சள், சிவப்பு, நீலம் ஒவ்வொன்றிலும் குளிர்ந்தது ஒன்று, சூடானது ஒன்று என ஆறு போதும். வயற்கரையில் காலை ஒன்பதுக்குப் பின் பூச்சு தூரிகை திரும்புவதற்குள் காய்ந்துவிடும். வானத்தைத் தீட்டுவதென்றால் விடிந்த கையோடு இருங்கள்.

படம் எடுப்பவருக்கு நாலேகாலுக்கு முடியும் அலுவலகம் ஒரு வரம். நவெம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன்னரே பொழுது சாயும், யூலையில் ஆறரை மணிவரை வெளிச்சம் நிற்கும். வேலை முடிந்து வரும் வழியிலேயே நல்ல வெளிச்சம் கிடைக்கிறது. போன் கமராவின் கண்ணாடியைப் பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். வியர்வைக் கை பட்ட கண்ணாடிதான் பாதிப் படங்களை மங்கவைக்கிறது. ஆளின் முகத்தைத் திரையில் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டினால் பின்னாலுள்ள குளத்தின் மினுக்கத்தில் முகம் கறுக்காது. மாதம் ஒருமுறை வெளி வன்தட்டில் ஒரு பிரதி, இணையச் சேமிப்பில் ஒரு பிரதி.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். படத்துக்காகவோ மரத்துண்டுக்காகவோ, ஆட்கள் நடமாடாத பற்றைக்குள் இறங்காதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் எல்லா இடத்திலும் முடியவில்லை. மண்டையோட்டு அறிவிப்பு இல்லாத இடம் என்பதற்காக அது பாதுகாப்பான இடம் ஆகாது. மழை கழுவி வெளிவந்த இரும்புத் துண்டு எதையும் கையால் தொடாமல் இடத்தைக் குறித்துப் பொலிசுக்கு அறிவியுங்கள். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கக் காட்டோர வீதிகளில் பொழுது சாய்ந்த பின் யானை நிற்கும், அந்த வெளிச்சத்தை ஆசைப்பட வேண்டாம். இராணுவ முகாம்களைப் பார்த்துக் கமராவைத் திருப்பாதீர்கள். ட்ரோன் பறக்கவிட அனுமதி தேவை.

மிருதங்கத்துக்கு நாளுக்கு இருபது நிமிடம். வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் இருப்பதைவிட அது கையைப் பழக்கும். தாளச் செயலியை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, பாடம் மூன்று முறை பிழையின்றி வந்த பின்னரே ஐந்து அடி கூட்டுங்கள். தொப்பியில் (இடப்பக்கத் தோல்) ஒட்டிய ரவையை அன்றைக்கே முழுக்கச் சுரண்டி எடுங்கள். விட்டால் புளித்துத் தோலை அரிக்கும், எறும்பும் எலியும் வரும். மழைக்காலத்தில் சுருதி இறங்கினால் வாரை அளவுக்கு மீறி இறுக்காதீர்கள், கோடை வந்ததும் தோல் கிழியும்.

மரம் செதுக்கத் தொடங்குகிறவர் முதிரை, பாலை போன்ற வன்மரங்களை விட்டுவிட்டு வேம்பு, பூவரசில் கை பழகுங்கள். மரம் வெட்டவும் ஏற்றவும் அனுமதி வேண்டும், பனைக்கும் அப்படித்தான். தச்சுப்பட்டறைக் கழிவுத் துண்டுகளே ஒரு வருசப் பயிற்சிக்குப் போதும்.

கமராவையும் வில்லையையும் மாரியில் அலுமாரிக்குள் உடுப்போடு வைக்கக்கூடாது. இருட்டும் ஈரமும் சேர்ந்த இடத்தில்தான் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். மூடி இறுகும் 5 லீற்றர் பெட்டியில் 50 கிராம் சிலிக்கா மணி போட்டு அதற்குள் வையுங்கள். மணியின் நிறம் மாறினால் வெறும் சட்டியில் மெல்லிய நெருப்பில் பழைய நிறம் வரும்வரை வறுத்து, ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். அரிசி போடுவது வழக்கமாக இருக்கிறது, அதன் தூசு கருவிக்குள் போகும்.

ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் பயிர்

தலைப்பயிரும் துணைப்பயிரும் ஒரே பொருளைச் சுற்றி அமைந்தால் நேரம் இரட்டிப்பாகப் பயன்படும். கதைக்காகப் பார்த்த குளக்கட்டையே வரையுங்கள், வரைந்ததைக் கதைக்குப் படமாக்குங்கள். போகம் முடியும்போது கையில் ஒரு முடிந்த பொருள் இருக்க வேண்டும். எழுத்துக்கும் படத்துக்கும் நல்ல அறுவடை 16 பக்கக் கைநூல்.

நாலு A4 தாளை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் 16 பக்கம். வெளித்தாளின் ஒரு முகத்தில் 16உம் 1உம், மறு முகத்தில் 2உம் 15உம். அடுத்த தாளில் 14உம் 3உம், 4உம் 13உம். பிறகு 12உம் 5உம், 6உம் 11உம். உள்தாளில் 10உம் 7உம், 8உம் 9உம். ஒரே முகத்தில் வரும் இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் 17 வர வேண்டும், வராவிட்டால் அச்சிட முன் நிறுத்துங்கள். அட்டைக்கு 250 கிராம் தாள். மடிக்க முன் அதை இரு திசையிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். இலகுவாக வளையும் திசையே மடிக்கும் திசை, மற்றப் பக்கம் மடித்தால் முதுகு வெடிக்கும்.

மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 3 சென்ரிமீற்றரில் ஒவ்வொன்று. மெழுகு தேய்த்த 65 சென்ரிமீற்றர் நூல். உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே வந்து, மேல்துளையால் உள்ளே போய், உள்ளேயே கீழே இறங்கிக் கீழ்த்துளையால் வெளியே வந்து, நடுத்துளையால் மீண்டும் உள்ளே. நூலின் இரண்டு முனையும் நடுவிலுள்ள நீண்ட தையலின் இரு பக்கமும் நிற்கும்படி விட்டு முடிச்சுப் போடுங்கள். உள்தாள்கள் ஓரத்தில் சற்று நீட்டி நிற்கும், தைத்த பின் கூரிய கத்தியால் ஒரே வெட்டு.

பணமும் அலுவலகமும்

மாதம் ஒரு தொகையை ஒதுக்குங்கள். அதில் பாதி தாள், நூல், சாயம் போன்ற தீர்ந்துபோகும் பொருளுக்கு. கால் பங்கு பழுது பார்க்க. கால் பங்கைச் சேர்த்து வைத்து, ஒரு போகம் முழுவதும் இருக்கும் கருவியால் வேலை செய்து முடித்த பின்னரே புதுக் கருவி வாங்குங்கள். புதுக் கலையொன்றில் ஆசை எழும் நாளில் கருவிக்குத்தான் முதலில் கை போகும். அந்த ஆசையை ஒரு தாளில் திகதியோடு எழுதி வைத்து, அடுத்த போகக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். ஆசை உண்மையானது என்றால் மூன்று மாதத்தில் கரையாது.

அரச வேலையில் இருப்பவர்கள் பெட்டி விற்கவோ திருமணப் படம் எடுக்கவோ தொடங்குமுன் தாபன விதிக்கோவை என்ன சொல்கிறது என்று பார்த்து, திணைக்களத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி பெறுவது நல்லது. அலுவலகத் தாளையும் அச்சுப்பொறியையும் தொட வேண்டாம். பணத்துக்குச் செய்யும் கட்டளையை முதல் இரண்டு போகத்தில் ஏற்காதீர்கள். ஆள் கேட்கும் நாளுக்கு முடிக்க வேண்டி வந்தால், காத்திருக்கும் கலைகூடக் காத்திருக்காத கலையாக மாறி மற்றவற்றின் தண்ணீரையும் குடித்துவிடும்.

தரிசு விடுவது

தரிசு விடுவதையும் ஒரு வேலையாகச் செய்ய வேண்டும். போகம் மாறும் கிழமையில் ஒரு மாலையை அதற்கே ஒதுக்குங்கள். தூரிகையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மயிர் வளையாமல் படுக்க வைத்துக் காயவிடுங்கள். சத்தகத்திலும் உளியிலும் எண்ணெய் பூசிப் பழந்துணியில் சுற்றுங்கள். ஓலைச் சுருளை ஒரு நாள் வெயில் காட்டி, ஆறிய பின் உள்ளே வையுங்கள், சூட்டோடு மூடினால் பெட்டிக்குள் வியர்க்கும். பெட்டிக்குள் வேப்பிலைக் கொத்து ஒன்று போடுவது இங்கே பழக்கம். சீட்டில் வழமையான மூன்று வரியோடு நாலாவதாக ஒன்று எழுதுங்கள்: எந்த மாதத்தில் திறப்பது.

அந்த மாதம் வந்து பெட்டியைத் திறக்கும்போது கை பழசை மறந்திருக்கும். முதல் இரண்டு மாலையும் புது வேலை தொடங்காமல், முன்பு நன்றாகச் செய்த ஒன்றை, ஒரு சதுர அடியையோ ஒரு பழைய பாடத்தையோ, பாதி வேகத்தில் திரும்பச் செய்யுங்கள். மூன்றாம் மாலை சீட்டின் இரண்டாம் வரியிலிருந்து தொடங்கலாம்.